ஹட்டன் பக்கத்துத் தேவாலய வாசகசாலையின் மாயக்கதைத் தட்டு

சிறுவர் மாயக்கதைகளை இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த தேவாலய வாசகசாலை மலையகத்தில் அபூர்வம். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார்கள். மந்திர சக்தி எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் அதைப் பழகுகிறார்களா, ஆவிகளை அழைக்கும் காட்சி உண்டா என்று மூன்று கேள்விகள், கீழே பதில்கள்.

வேதாகமத்தில் உபாகமம் 18:10-12 தடுப்பது குறிகேட்பதையும் சூனியத்தையும் செத்தவர்களிடம் விசாரிப்பதையும். மாயக்கதையில் வரும் பேசும் சிங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெற்றோரின் பயத்தை லேசாக எடுக்கக்கூடாது. செய்வினையும் மந்திரித்த கயிறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளிலேயே கேட்டு வளரும் பேச்சு.

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா மாயக்கதை வரிசை (1950–1956) 7 புத்தகமும் இருக்கிறது. 1952இல் வந்த கடற்பயணக் கதையைக் கட்டாயம் எடுங்கள். லூசி என்ற சிறுமி மந்திரப் புத்தகத்தைப் புரட்டி, தோழி தன்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று ஒட்டுக்கேட்கிறாள். மனம் புண்பட்டதுதான் மிச்சம், பேசும் சிங்கமான அஸ்லானும் கண்டிக்கிறது. ஞாயிறு பள்ளியில் பேச அருமையான இடம்.

ஹாரி பாட்டர் துண்டுகளில் மட்டும் 'வேண்டாம்' என்ற ஒரே சொல். இது போதாது. அங்கே பிள்ளைகள் மந்திரத்தைப் பள்ளிப்பாடமாகவே படிக்கிறார்கள். அந்தக் காரணத்தை எழுதினால்தான் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க முடியும்.

இரும்பு அலுமாரி ஈரச்சுவரோடு ஒட்டி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பின்வரிசை பூஞ்சணம் பிடித்து, முதுகுப் பசை விட்டுப்போகிறது. நாலு விரல் இடைவெளி விட்டு, அடியில் பலகை போட வேண்டும். எடுக்கும்போது பின்னட்டையைத் தடவிப் பாருங்கள்.