பித்தப்பை அழற்சியோடு கொரோனாவும்: குழாயா, கத்தியா?

வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், சத்தி. ஸ்கானில் பித்தப்பைச் சுவர் தடித்து, அதன் வாயில் ஒரு கல் இறுகி நிற்கிறது. அதோடு கொரோனாவும் பொசிட்டிவ். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒருவர் விடுதியில் படுத்திருந்தால் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "கொரோனா மாறின பிறகு ஒபரேஷன் செய்யலாம்தானே?" செய்யலாம். அதுவரை பித்தப்பை பொறுக்க வேண்டுமே.

அன்டிபயோட்டிக்கும் சேலைனும் மட்டும் கொடுத்துப் பார்ப்பது முதல் வழி. அழற்சி லேசாக இருந்தால் பலருக்கு அடங்கிவிடும். ஆனால் கல் உள்ளேயே இருக்கும். வலி திரும்ப வரலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒக்சிசன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பார்கள். அது காய்ச்சலையும் வயிற்று நோவையும் மறைத்துவிடும், வெள்ளணுக்களையும் கூட்டிக் காட்டும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்த அளவோ கொரோனாவாலேயே ஏறும். ஆகவே நோயாளி "பரவாயில்லை" என்று சொன்னாலும் வயிற்றைத் திரும்பத் திரும்ப அமத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, பித்தப்பையை எடுத்துவிடும் சத்திர சிகிச்சை. அதைக் கண்டு எல்லோரும் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 2020இல் 24 நாடுகளின் 1128 நோயாளிகளை வைத்து வந்த கோவிட்சர்ஜ் ஆய்வில், சத்திர சிகிச்சையை ஒட்டிக் கொரோனா தொற்றியிருந்தவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். ஆனால் அது தடுப்பூசிக்கு முந்தைய காலம். எல்லா வகைச் சத்திர சிகிச்சையும் அதில் கலந்திருந்தது. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, தடுப்பூசி போட்டு, தடிமனும் தொண்டை நோவும் மட்டுமாக இருக்கும் நாற்பது வயதுக்காரரின் மேல் வைப்பது சரியில்லை. கொரோனா வந்தால் ஒபரேஷனுக்கு 7 வாரம் பொறுக்கச் சொன்ன கணக்கும் அவசரமில்லாத ஒபரேஷனுக்கானது.

மூன்றாவது, குழாய். தோலை மரக்கப் பண்ணி, ஸ்கான் பார்த்தபடி, ஈரல் வழியாகப் பித்தப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். முழு மயக்கம் வேண்டாம், நுரையீரலுக்குச் சுமையில்லை. கொரோனா விடுதியில் இரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் ஏறிக்கொண்டிருந்தால் இரத்தக்கசிவைப் பற்றி முதலே யோசிக்க வேண்டும். தீவிர சிகிச்சையில் கல்லே இல்லாமல் வரும் அழற்சிக்கு இதுவே போதுமாகிவிடுவதும் உண்டு.

இந்தக் குழாயைச் சுலபமான வழி என்று நினைப்பவர்கள், 2018இல் வெளிவந்த, சாக்லேட் என்று பெயர் வைத்த ஆய்வைப் பார்க்கலாம். நெதர்லாந்தில், ஆபத்துக் கூடிய 142 நோயாளிகள். லப்ரஸ்கோப்பில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்தவர்களில் 12 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வந்தது; குழாய் போட்டவர்களில் 65 சதவீதம். கொரோனாவுக்கு முந்தைய ஆய்வுதான், மிக மோசமான நிலையில் இருந்தவர்களை அதில் சேர்க்கவுமில்லை. என்றாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது.

என் பார்வையில், தீர்மானிக்க வேண்டியது பொசிட்டிவ் துண்டு அல்ல, நுரையீரல். மூச்சு நன்றாக இருந்து, வலி தொடங்கி ஒரு வாரத்துக்குள் வந்தவருக்கு லப்ரஸ்கோப். ஒக்சிசனில் இருப்பவருக்கு முதலில் மருந்து, ஓரிரு நாளில் அடங்காவிட்டால் குழாய். பித்தப்பை அழுகியோ வெடித்தோ போயிருந்தால் மட்டும், நுரையீரல் எப்படியிருந்தாலும் சத்திர சிகிச்சை பற்றிப் பேசத்தான் வேண்டும்.

வீடு எங்கே என்பதையும் நான் கேட்பேன். குழாயோடு சில வாரம் இருக்க வேண்டும். சேலைனால் கழுவ வேண்டும். பை நிறைந்தால் ஊற்ற வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரருக்குக் குழாய் கழன்றால் ஓட்டோவில் வந்துவிடுவார். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகிறவர், கடல் குழம்பினால் நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியாது. அவருக்குக் குழாய்தான் என்றாகிவிட்டால், அதைக் கழற்றும் வரை பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்ட வேண்டும்.