மெரினாவுக்கு ஒன்று, மயிலாப்பூர் குளத்துக்கு வேறொன்று

பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டிச் செய்யும் அகலப் படம் எடுக்க, டிரைபாட் மேல் மாட்டும் பனோரமா ஹெட் வாங்கலாமா, சுற்றிலும் ஒரே அடியில் எடுக்கும் 360 கேமராவா, இல்லை கையில் இருக்கும் போனே போதுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படத்தில் உங்களுக்கு மிகக் கிட்டத்தில் வரப்போவது எது?

மெரினா மணலில் நின்றால் கிட்டத்தில் ஒன்றும் கிடையாது, போனே போதும். ஆனால் போன் கீற்று கீற்றாக ஒட்டுவதால் நகரும் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். சுண்டல் தூக்குடன் குறுக்கே போன ஒருவருக்கு என் படத்தில் மூன்று கால். பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டுமா, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி பிடிக்கும்படி எடுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) 50 எம்எம் லென்ஸ் என்றால் 180 டிகிரிக்குச் சுமார் 10 படம். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) மேனுவலில் வைக்காவிட்டால், காலையில் சூரியன் இருக்கும் கடல் பக்கம் ஒரு வெளிச்சம், ரோட்டுப் பக்கம் வேறு வெளிச்சம் என்று வானம் பட்டை பட்டையாக வரும்.

மயிலாப்பூர் குளம் வேறு கதை. கரையோரக் கம்பி வேலியை ஒட்டி நின்று கையில் பிடித்தே எடுத்தேன். தூரத்துக் கோபுரம் அழகாக ஒட்டிக்கொண்டது, கம்பிகள் மட்டும் நடுவில் முறிந்து நின்றன. கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும். அதே கோளாறுதான், பேரலாக்ஸ். சாதாரண டிரைபாட் இதைத் தீர்க்காது. அதன் திருகு கேமரா உடலுக்கு அடியில் இருக்கிறது, சுழல வேண்டியதோ லென்ஸுக்குள் இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றி. (நோடல் பாயிண்ட் என்பார்கள், சரியான பெயர் அது இல்லை, போகட்டும்.) பனோரமா ஹெட் செய்வதெல்லாம் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி அந்தப் புள்ளியைச் சுழலும் அச்சின் மேல் வைப்பதுதான். புள்ளியை வீட்டிலேயே பிடிக்கலாம்: ஜன்னல் கம்பி ஒன்றையும் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையும் ஒரே கோட்டில் வைத்து, கேமராவைத் திருப்பினாலும் இரண்டும் விலகாத இடம் வரும்வரை நகர்த்த வேண்டும். முதல் முறை எனக்கு அரை மணி நேரம் ஆனது.

360 கேமரா? அறுபத்து மூவர் கூட்டத்தில் அதை அடிக்க ஆள் இல்லை, முதுகோடு முதுகாக இரண்டு ஃபிஷ்ஐ லென்ஸ் (ஒவ்வொன்றும் பாதி உலகைப் பார்க்கும்), ஒரே அழுத்தல், ஒட்டும் வேலையும் அதுவே. அப்புறம் அதன் வயிற்றெரிச்சல்: இரண்டு லென்ஸும் சேரும் கோட்டுக்கு அருகில் கைக்கெட்டும் தூரத்தில் எது வந்தாலும் உடையும், இருட்டில் புள்ளி புள்ளியாகும், புடைத்த கண்ணாடியில் சீக்கிரம் கீறல் விழும். சுவரில் மாட்டும் பிரிண்டுக்கு நான் அதைத் தொட மாட்டேன்.

படங்களை ஒட்டுவதற்கு ஹகின் (Hugin) என்ற சாஃப்ட்வேர் இலவசம். குறுக்கே வந்த ஆளை மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மறைத்து) நீக்கவும் முடியும். பிடிகுயி (PTGui) என்ற இன்னொன்று காசு, ஆனால் நூற்றுக்கணக்கில் படம் ஒட்டுபவருக்கு அந்த வேகம் தேவைப்படும்.

ஹெட்டுக்குப் பணம் இல்லையென்றால் கேமராவைச் செங்குத்தாக மாட்டும் ஒரு எல் பிளேட்டும், அதை முன்னும் பின்னும் நகர்த்தும் நீளமான ஸ்லைடிங் ரெயிலும் வாங்குங்கள், ஒற்றை வரிசைப் படத்துக்கு அது தாராளம். தலைக்கு மேல், காலுக்குக் கீழ் எல்லாம் சேர்த்து முழு உருண்டையாக வேண்டும் என்றால்தான் முழு ஹெட்.