சில்வர் பாட்டில் வாங்கப் போறியளா, முதல்ல அதோட வாயப் பாருங்க

போன வருசம் ஸ்கூல் தொறந்து மூணாவது வாரம், என் சின்னவ பாட்டில்ல கொடுத்துவிட்ட தண்ணிய குடிக்காம அப்படியே திருப்பிக் கொண்டுட்டு வந்துக்கிட்டு இருந்தா. ஏன் பிள்ள குடிக்கலன்னு கேட்டா "தண்ணி நாறுதும்மா"ன்னு சொல்லுதா. எனக்குப் புரியவே இல்ல, தினமும் நாந்தான கழுவுதேன், வீட்டுல வாறது தாமிரவருணி தண்ணி, அத காய்ச்சி ஆற வச்சுத்தான் ஊத்துதேன், இதுல எங்க இருந்து நாத்தம் வரும். பாட்டில மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. கல்லிடைக்குறிச்சில இருந்து எங்க அத்த வந்திருந்தாவ, அவுக பக்கத்துல நின்னு பாத்துட்டு "ஏட்டி, பாட்டில மோந்து என்ன செய்ய, மூடிய மோந்து பாரு"ன்னாவ. மூடிக்குள்ள ஒரு வெள்ள ரப்பர் வாஷர் இருக்கும்லா, அத ஊசி வச்சு நெம்பி எடுத்தா அடியில முழுக்க கறுப்பா பூசணம், தொட்டா வழவழன்னு பாசி மாதிரி. நாத்தம் தெரியுத வரைக்கும் அந்தத் தண்ணியத்தான் பிள்ள குடிச்சிருக்கான்னு நெனச்சா அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

அந்த பாட்டில் ஆன்லைன்ல வாங்கினது, 299 ரூவா, அர லிட்டர், படம் போட்டு அழகா இருந்துச்சு. உறிஞ்சு குடிக்கதுக்கு ஒரு குழாய், அமுக்குனா தொறக்குத மூடி, மூடிக்குள்ள ஒரு ஸ்பிரிங்கு, அதுக்குள்ள ரெண்டு வாஷர். வாய் எவ்வளவு சின்னதுன்னா என் ஒரு வெரல்தான் உள்ள போகும். டார்ச் அடிச்சுப் பாத்தா அடியில ஒட்டு வச்ச இடத்துல சுத்தி டீக்கறை மாதிரி துரு வேற. வாங்கி நாலே மாசம். திருப்பிக் குடுக்க பத்து நாள்தான் டயமாம், அது எப்பமோ முடிஞ்சு போச்சு. கம்பெனி பேரு எதுக்கு, அதே மாதிரி பாட்டில் அம்பது கம்பெனி பேர்ல விக்கி.

அதுக்குப் பெறவுதான் நான் திருநெல்வேலி டவுனுக்குப் போயி ரத வீதிப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில நேர்ல கையில எடுத்துப் பாத்து வாங்கினேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, மொத்தம் நாலு பாட்டில், ரெண்டு ஒத்தச் சுவர் பாட்டில், ரெண்டு பிளாஸ்க் மாதிரி சூடு தாங்குதது. அதுல நான் கத்துக்கிட்டதத்தான் சொல்லுதேன், ஏன்னா தெருவுல நாலு பேரு கேக்காவ, ஒவ்வொருத்தர்ட்டயும் தனித்தனியா சொல்லி முடியல.

கடை அண்ணாச்சிட்ட நான் முதல்ல கேட்டது "அண்ணாச்சி, இது ஒரிஜினல் எவர்சில்வர்தானா, காந்தம் வச்சுக் காட்டுங்க"ன்னுதான். அவரு காந்தத்த எடுத்து மேசையில வச்சுட்டு, "எம்மா, காந்தம் வச்சுப் பாத்து ஒண்ணும் பிரயோசனம் இல்ல, 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது, ரெண்டையும் வச்சு நீயே பாரு"ன்னாரு. வச்சுப் பாத்தேன், நெசமாவே ரெண்டுலயும் ஒட்டல. இத வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தேன். இந்த 202, 304 எல்லாம் எவர்சில்வரோட தர நம்பர். 304-ங்கறது 18 சதவீதம் வாக்குல குரோமியம், 8 சதவீதம் நிக்கல், அதனாலதான் 18/8-ன்னு அடியில அடிச்சிருப்பாங்க. 202-ல நிக்கல கொறச்சு அதுக்குப் பதிலா மாங்கனீசு சேத்திருப்பாங்க, வெல கம்மி, பாக்கதுக்கு ஒரே மினுமினுப்பு, ஆனா உப்பு, புளிப்பு பட்டா சீக்கிரம் கறை பிடிக்கும், துரு ஏறும். இன்னொண்ணு, நல்ல 304 பாட்டில்லயே கழுத்துல, அடியில அமுக்கி வளச்ச எடத்துல காந்தம் லேசா இழுக்கும், அத வச்சு மட்டம்னு ஒதுக்கிறாதீங்க. சூடு தாங்குத ரெட்டச் சுவர் பாட்டில் நிறையதுல உள்சுவர் 304, வெளிச்சுவர் 202-ஆ இருக்கும், தண்ணி படுதது உள்ளதான, அதனால அது பரவால்ல, ஆனா உள்சுவர் 304-ன்னு அட்டையில தெளிவா போட்டிருக்கணும். பெறவு ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, இந்த முத்திரை கட்டாயம்னு 2023-ல மத்திய அரசு ஆர்டர் போட்டிருக்கு, ஒத்தச் சுவர் தண்ணி பாட்டில்னா ஐஎஸ் 17803, சூடு தாங்குத பாட்டில்னா ஐஎஸ் 17526.

ஆனா ஸ்டீலு நம்பரவிட எனக்கு இப்ப முக்கியம் வாய்தான். 316-ன்னு இன்னும் ஒசந்தது ஒண்ணு இருக்கு, மாலிப்டினம் சேத்தது, கடல் காத்து உப்பு இதையெல்லாம் நல்லா தாங்கும், அந்த 316-லயே வாங்கிட்டு வாய் சின்னதா இருந்தா என்ன செய்ய, உள்ள கை போகலன்னா எந்த ஸ்டீலா இருந்தாலும் நாறத்தான் செய்யும். நான் கடையில நின்னு ஒவ்வொண்ணையும் தொறந்து மூணு வெரல சேத்து உள்ள விட்டுப் பாத்தேன், மூணும் தாராளமா போனாத்தான் கையில எடுத்தேன். அப்புறம் தோள், கழுத்துக்குக் கீழ வெட்டுனாப்புல மடிஞ்சு இருந்தா அந்த மடிப்புக்குள்ள பிரஷ் எட்டாது, வெரலால தடவிப் பாத்தா அங்கன ஒரு பள்ளம் தெரியும், அழுக்கு முதல்ல போய் ஒக்காருத எடம் அதுதான். பானைக் கழுத்து மாதிரி சாய்வா எறங்குதத எடுங்க. மூடி வெறும் திருகு மூடியா இருக்கட்டும், ஸ்பிரிங்கு, குழாய், பட்டன் எதுவும் வேண்டாம். அந்த மூடியில வாஷர் கையால உருவி எடுக்க வருதான்னு கடையிலயே உருவிப் பாருங்க. சில மூடியில பசை வச்சு ஒட்டியிருப்பாங்க, அத அங்கனயே வச்சுட்டு வந்துருங்க. மரையும் பாருங்க, அகலமான மரையா ரெண்டு சுத்துல மூடுனா நல்லது, நெருக்கமா பொடி மரையா இருந்தா அந்த இடுக்குல எச்சி படிஞ்சு காஞ்சிரும்.

பிள்ளைகளுக்கு வாங்கினது ஒத்தச் சுவர், 750 மில்லி, கடைத் தராசுல வச்சுப் பாத்தோம், 210 கிராம். விலை 380 ரூவா. பேரு வெட்டித் தந்தாரு, அதுக்குத் தனியா காசு வாங்கல, நம்ம ஊர்ல சொம்பு தூக்குவாளிக்கெல்லாம் வெட்டுவாங்கள்லா அதே மெஷின்தான். ஒரு வருசத்துல மூத்தவன் எத்தன தடவ கீழ போட்டான்னு கணக்கில்ல, நாலு எடம் நசுங்கியிருக்கு, ஆனா ஒழுகல, உள்ள ஒரு பொட்டு துரு இல்ல. கொறைன்னா, ஜில் தண்ணி ஊத்துனா வெளிப்பக்கம் வேர்த்து நோட்டெல்லாம் நனையுது, அதனால துணி உறை ஒண்ணு தச்சுப் போட்டேன். வெயில்ல வச்சா தண்ணி சீக்கிரமே சூடாயிரும், அதுக்கு இந்த வகையில வழி இல்ல. ஸ்கூலுக்கு இதுவே போதும், கனமான பாட்டில வாங்கிக் குடுத்து பிள்ளைக தோள ஒடிக்க வேண்டாம்.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாங்கினது ரெட்டச் சுவர், 1 லிட்டர், 1050 ரூவா. அவுக வேலையா ராதாபுரம், திசையன்விளைன்னு பைக்குல அலைவாக, அக்னி நட்சத்திர வெயில்ல அந்தப் பக்கம் நிழலுக்கு ஒதுங்க பனமரம்தான் இருக்கு. காலைல ஆறு மணிக்கு ஐஸ் போட்டு ஊத்துனா சாயங்காலமும் ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லுதாவ. முன்னாடி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரில யாரையாவது சேத்தா பால் கொண்டு போவோம்லா ஒரு பிளாஸ்க், உள்ள கண்ணாடி, தட்டுனா நொறுங்கிரும், அதே வேலைதான் இதுலயும், ரெண்டு சுவருக்கு நடுவுல காத்த உறிஞ்சி எடுத்துட்டு மூடிருவாங்க, காத்து இல்லன்னா சூடு கடந்து போக வழி கொறஞ்சிரும். 1892-ல ஜேம்ஸ் டிவார்னு ஒரு விஞ்ஞானி, திரவமாக்கின வாயுவ வைக்கதுக்காகச் செஞ்ச குடுவதான் இதுக்கெல்லாம் மூலம்னு மூத்தவன் படிச்சுட்டு வந்து சொன்னான். வாங்கினதும் ஒரு சோதன பண்ணிருங்க, கொதிக்கிற தண்ணிய ஊத்தி மூடி அஞ்சு நிமிசம் கழிச்சு வெளிப்பக்கம் பூரா தொட்டுப் பாருங்க, எங்கயாவது சுட்டா காத்து உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், உடனே மாத்திருங்க, நாள் கடத்தாதீங்க. இந்த வகைய பிரீசர்ல வைக்கக் கூடாது, அடுப்புல வச்சு சூடு பண்ணவே கூடாது. இதுல பேரு வெட்டச் சொன்னேன், அண்ணாச்சி மாட்டேன்னுட்டாரு, மேல பூசியிருக்க பெயிண்ட் உரிஞ்சிரும்னு.

இந்த பாட்டில்ல ஒரு தடவ பெரிய தப்பு நடந்துச்சு. திசையன்விளைப் பக்கம் போனவுக, பிள்ளைகளுக்கு ஆசையா பதனி வாங்கி இதுல ஊத்திட்டு வந்திருக்காவ, வந்த அசதில வண்டிப் பெட்டிக்குள்ளயே வச்சு மறந்துட்டாவ. மறுநாள் மத்தியானம் நான் தொறந்தா "டப்"புனு மூடி கைய விட்டுத் துள்ளுது, நொர பொங்கி வருது, ஒரே கள்ளு வாடை. பதனி சூட்டுல புளிச்சு உள்ள காத்து கட்டியிருக்கு, மூஞ்சிக்கு நேரா வச்சுத் தொறந்திருந்தா கண்ணுல அடிச்சிருக்கும். பதனில சுண்ணாம்பு வேற சேரும்லா, அது உள்சுவர்ல வெள்ளையா ஒட்டிக்கிச்சு. பாட்டில் சுத்தமாயிட்டு, வாஷர்ல மட்டும் அந்த வாடை போகவே இல்ல, புதுசு மாத்தினதுக்குப் பெறவுதான் சரியாச்சு. அதனால மோர், பதனி, பால், சர்பத்து, இதெல்லாம் எடுத்துட்டுப் போனா ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சு முடிச்சுக் கழுவிருங்க, மூடின பாட்டில்ல தங்க விடாதீங்க.

இனி கழுவுத விசயம். "தண்ணி தான ஊத்துதோம், அலசுனா போதும்"னு நானும் நெனச்சேன், அதுதான் தப்பு. வாய் வச்சுக் குடிக்கும்போது எச்சி உள்ள போகும், பிள்ளைக முறுக்கு தின்னுட்டு அப்படியே குடிப்பாங்க, அதுவும் ஈரமும் சூடும் சேந்தா ஒரே நாள்ல வழவழப்பு வந்துரும். அதனால தினமும் சாயங்காலம் பை எறக்குன உடனே பாட்டில் அடுப்பங்கரைக்கு வரணும், இது எங்க வீட்டுல சட்டம். பாத்திரம் கழுவுத சோப்பு ரெண்டு சொட்டு, இளஞ்சூட்டுத் தண்ணி, நீளமான பாட்டில் பிரஷ், அடி மூலைய சுத்திச் சுத்தித் தேய்க்கணும். வாஷர உருவி தனியா, மரைக்கு ஒரு பழைய பல் பிரஷ். கழுவுனதும் கவுத்தி வச்சு மூடாம காய விடணும், தட்டையான மேடையில கவுத்துனா உள்ள காத்து போகாது, அதனால நான் சாய்ச்சு வைக்கேன். கழுவி ஈரத்தோட மூடி அலமாரில வச்சாலே ரெண்டு நாள்ல வாடை வந்துரும்.

வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கெழமை, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு வெந்நி ஊத்தி தொறந்து வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் தேய்ச்சா வாடையெல்லாம் போயிரும். எங்க அக்கா வீட்டுல போர் தண்ணி, உப்பு படிஞ்சு உள்ள வெள்ளையா சொரசொரன்னு இருக்கும், அதுக்கு சோடா கேக்காது, புளிப்புதான் வேணும், எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ தண்ணில கலந்து அரமணி நேரம், இல்லன்னா புளிக்கரைசல், அதுவே கரஞ்சு வந்துரும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு மூடி குலுக்காதீங்க, காத்து கிளம்பி மூடி தெறிக்கும். வாய் சின்ன பாட்டில் ஏற்கெனவே வாங்கிட்டியன்னா ஒரு கைப்பிடி பச்சரிசிய போட்டு சோப்புத் தண்ணியோட நல்லா குலுக்குங்க, எங்க ஆச்சி எண்ணெய்ப் புட்டிக்கு அப்படித்தான் செய்வா.

கம்பி நார் உள்ள போடவே போடாதீங்க. எவர்சில்வர் துருப்பிடிக்காம இருக்கது அதுல உள்ள குரோமியம் காத்தோட சேந்து மேல ஒரு மெல்லிசு படலம் கட்டுததுனாலதான். கம்பி நாரு அதக் கீறும், அதோட பொடி இரும்புத் துணுக்கு அங்கனயே தங்கி அது துருப்பிடிச்சு பாட்டில் துருப்பிடிச்ச மாதிரி தெரியும். பிளீச்சிங் பவுடர் அதவிட மோசம், பக்கத்து வீட்டு அக்கா நல்லா வெளுக்கும்னு ராத்திரி பூரா ஊற வச்சு, காலைல பாத்தா உள்ள ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியா. அந்தக் குழிக்குள்ள அழுக்கு ஏறுனா எடுக்க முடியாது, 900 ரூவா பாட்டில் போச்சு.

பாட்டில் எங்களுக்கு நல்லா ஒதவுதுன்னு தெரிஞ்சது ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனப்பதான், அது புலிகள் காப்பகம், செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் இருக்கான்னு பையத் தொறந்து பாப்பாவ, நாலு சில்வர் பாட்டிலும் ஒரு தூக்குவாளியும் வச்சிருந்தோம், ஒரு நிமிசத்துல விட்டுட்டாவ.

கடையப் பத்திக் கேட்டா, விலை ஆன்லைன விட அம்பது நூறு கூட இருக்கும், கலர் டிசைன் நிறைய கிடையாது, சாயங்காலம் போனா கூட்டம் நெரியும், நின்னு நிதானமா பாக்க முடியாது. காலைல பதினோரு மணிக்குப் போங்க. தொறந்து பாக்கவும் வெரல விட்டுப் பாக்கவும் அண்ணாச்சி முகம் சுளிக்காம விட்டாரு, எனக்கு அது போதும். வாஷர் தனியா 20 ரூவாய்க்கு அங்கனயே கிடைக்கு, ஆனா மாடல் மாறிப் போனா பெறவு அந்த அளவுல வராதாம், அதனால பாட்டில் வாங்கும்போதே ஒண்ணுக்கு ரெண்டா சேத்து வாங்கி வச்சிருங்க.