யூ பூட்டு வாங்கி எட்டு மாதம் ஆகிறது

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தினமும் காலையில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் சைக்கிள் திருட்டுப் போனது, கேபிள் பூட்டு மட்டும் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. தடிமனாகத் தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் உறை, உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிகள், கட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை.

சரி, அடுத்த சைக்கிளுக்குக் கடினமாக்கிய எஃகில் செய்த யூ பூட்டு, அதாவது ஆங்கில U எழுத்து போல வளைந்த பூட்டு, வாங்கினேன். நல்ல கனம், ஆனால் சாதாரணக் கட்டர் இதைக் கடிக்காது, இரும்பு அறுக்கும் மின்கருவியான ஆங்கிள் கிரைண்டர் வேண்டும், அந்தச் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள், முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்விடுவார்கள். வாங்கும்போது தட்டைச் சாவியா என்று பாருங்கள், சில உருளைச் சாவிப் பூட்டுகளைப் பால்பாயிண்ட் பேனாவால் திறக்க முடிந்தது 2004-இல் பெரிய செய்தியே ஆனது.

அப்புறம் சீட்டுக்கு அடியில் ஒரு ஏர்டேக் ஒட்டியிருக்கிறேன், பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை அது. அதில் ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்தில் வரும் ஆப்பிள் போன்கள் வழியாகத்தான் இருப்பிடம் தெரியும், திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகவும் கூடும். அதனால் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பூட்டையே வாங்குங்கள்.

பூட்டில் ஒரே குறை, அதைச் சட்டத்தில் மாட்டும் பிடி குண்டுகுழியில் கடகடவென்று ஆடுகிறது. பழைய டியூப் துண்டைச் சுற்றியதும் நின்றது.