புளியரை வளைவில் பைக் பயிற்சி என்று பணம் கட்டுவோர் கவனத்துக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் ஒருவர் ‘வளைவில் பைக் ஓட்டும் உயர்நிலைப் பயிற்சி’ நடத்துகிறார். இரண்டு நாள், 6,500 ரூபாய். மூடிய மைதானம், நான்கு பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்றார். சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம்வரை போக மலைத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிய புத்திசாலி நான்.

மைதானம் என்பது நாற்கரச் சாலையோரம் விலைபோகாமல் கிடக்கும் மனைப்பிரிவு. மஞ்சள் அடித்த எல்லைக் கற்களுக்கு நடுவே, செம்மண் புழுதியில் 18 பைக்குகள். பயிற்சியாளர் ஒருவர், கேமராவோடு இருவர். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். எவர் டயரிலும் காற்று பார்க்கவில்லை. நாள் முழுக்க ஒரே பாடம்: “இடுப்பை இறக்கு, முட்டியை நீட்டு, பயப்படாமல் சாய்.”

மறுநாள் விடியலில் செங்கோட்டை தாண்டிப் புளியரைக்குக் கூட்டிப்போனார்கள். எஸ் வளைவு, கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் ஊர்ந்து ஏறும் பொதுச் சாலை. அங்கே வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டி உடம்பைத் தொங்கவிட்டால் தலை எதிர்த் தடத்தில் இருக்கும். ஒரு பையன் அப்படிச் சாய்ந்தபோது எதிரே வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பயிற்சியாளரோ, படம் நன்றாக விழுந்ததா என்று கேமராக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் முறையில் வேகம் கூடிவிட்டது. இடது ஓரம் லாரியிலிருந்து சிந்திய பொடிக்கல். கண் அதிலேயே நிலைக்க, வண்டியும் அங்கேயே போயிற்று. கை தானாக முன் பிரேக்கை இறுக்கியது, படுத்தேன். பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருந்ததே என்பீர்கள். என் வண்டியில் இருப்பது போன்ற சாதாரண ஏபிஎஸ், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அறியாது.

கொல்லம் தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பா, வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வளைவுக்குள் போன பிறகா பிரேக் பிடித்தாய்?” பாடம் அதுதான். வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் கொன்று, கியரைக் குறைத்து, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி, ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்துப் போக வேண்டும். டயரின் பிடிமானத்தில் பெரும்பகுதி சாய்வுக்கே செலவானால் பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். இன்னொன்றும் இருக்கிறது: ஓடும் வேகத்தில் வலது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளினால்தான் வண்டி வலப்பக்கம் சாயும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் வளைவுப் பயிற்சிக்கு அடிப்படையே இதுதான். இரண்டு நாளில் பயிற்சியாளர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “விழுந்தால்தானே தம்பி படியும்” என்றார். கால்மிதி, ஹேண்டில் பார், கண்ணாடி மாற்ற 4,200 ரூபாய் தனி. யாரிடம் பயிற்சிக்குப் போனாலும், எந்த இடத்தில் என்று கேட்டு, அந்த இடத்தை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாரல் காலத்துக்கு அடுத்த அணி சேர்க்கிறாராம். அதே வளைவு, ஈரச் சாலையில்.