ஓர்பெர்க்கின் லத்தீன் புத்தகம்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

டென்மார்க்காரர் ஹான்ஸ் ஓர்பெர்க் லத்தீன் கற்பவர்களுக்காக எழுதிய 'லிங்குவா லத்தீனா பெர் சே இல்லுஸ்த்ராத்தா' வரிசையின் முதல் பாகமான 'ஃபமிலியா ரோமானா'வைத்தான் (ரோமானியக் குடும்பம்) சொல்கிறேன். முதல் வடிவம் 1955இல் வந்தது. அட்டை முதல் அட்டை வரை லத்தீன் மட்டும்தான். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், "ரோமா இன் இத்தாலியா எஸ்த்" (ரோம் இத்தாலியில் இருக்கிறது), அப்புறம் இத்தாலி ஐரோப்பாவில், கிரீஸும் ஐரோப்பாவில் என்று போகும். ஓரத்தில் சின்னப் படங்கள். அகராதி இல்லாமலே புரிகிறது!

நான் லத்தீன் படித்தது ஒரு இளங்குருமடத்தில், அதாவது கத்தோலிக்கக் குருவாகப் போகும் பையன்கள் படிக்கும் இடத்தில். பெயர் வேண்டாம், சோறு நன்றாகப் போட்டார்கள். ரோசாப்பூவுக்கான சொல்லை வேற்றுமை வேற்றுமையாக "ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்" என்று வாய்ப்பாடு மாதிரி கத்துவோம், நற்கருணை ஆசீர் வழிபாட்டில் 'தாந்தும் எர்கோ' என்ற லத்தீன் பாட்டை ராகம் பிசகாமல் பாடுவோம், அதில் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் முழிப்போம். இத்தனைக்கும் வேற்றுமை உருபு தமிழனுக்குப் புதுசா என்ன? மூன்றாம் அத்தியாயத்தில் பாடிக்கொண்டிருக்கும் தங்கை யூலியாவை மார்க்குஸ் அடிக்கிறான், "மார்க்குஸ் யூலியாம் புல்சாத்". அந்த 'ஆம்' நம்ம 'ஐ' உருபு, அவ்வளவுதான், சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் அடி வாங்குவது யூலியாதான். ரோசாவை வைத்து மாதக்கணக்கில் ஓட்டியதை ஒரு அண்ணன் தங்கைச் சண்டை முடித்துவிடுகிறது. நெடிலுக்கு மேலே கோடு போட்டிருப்பார்கள், குறில் நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு அதுவும் சுலபம்.

தடுக்குவது சொற்களின் ஆண்பால் பெண்பால் கணக்கு. நமக்கு உயிரில்லாதது எல்லாம் அஃறிணை, அங்கே ஆறு ஆண்பால், தீவு பெண்பால், ஊர் மட்டும் இரண்டுமில்லை. இது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது நல்லது.

கதையும் சும்மா இல்லை. மேதுஸ் என்ற அடிமை முதலாளியின் பணத்தோடு ஓடிப்போகிறான், பிறகு காதலி லிதியாவோடு கப்பலேறுகிறான். லிதியா கிறிஸ்தவப் பெண், 28ஆம் அத்தியாயத்தில் அவனுக்கு மத்தேயு நற்செய்தி வாசித்துக் காட்டுகிறாள். பூசையில் கேட்டே பழகிய பகுதியை லத்தீனில் நிறுத்தாமல் படித்தபோது எனக்கு உண்மையில் ஆச்சரியம். பள்ளிக்கூட அத்தியாயத்தில் பிரம்போடு வரும் வாத்தியார் டியோடோருஸ் ஹாஸ்டலில் இருந்த யாருக்கும் புதியவர் இல்லை.

குறை உண்டு. 35 அத்தியாயங்களில் பாதிக்கு மேல் ஏற்றம் செங்குத்து. கடைசியில் இருக்கும் சொல்லகரவரிசையில் பொருள் இல்லை, எங்கே வருகிறது என்ற குறிப்பு மட்டும்தான். மறந்த சொல்லுக்காகப் பின்னால் புரட்டிப் புரட்டிக் கை வலிக்கும். கோவில் லத்தீன் மட்டும் போதும், செபங்கள் புரிந்தால் சரி என்பவர்களுக்கு இது சுற்றுவழி, இதில் இருப்பது இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய வீடு.

வீரமாமுனிவர் நம் பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார், 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதைப் படிக்கும் ஆசையில்தான் நான் இதைத் தொடங்கினேன். பயிற்சிப் புத்தகம் தனியாக விற்கிறார்கள், ஆசிரியர் கிடைக்காதவர்கள் அதையும் சேர்த்து வாங்குங்கள்.