பெட்டி வந்ததும் பசையைத் திறக்காதீர்கள்: உலோகக் கேமல் கிட்டில் நான் ஏமாந்தது

முதல் உலகப்போர் காலத்து இரட்டை இறக்கை விமானங்களைச் சின்ன உலோக மாடல்களாக வாங்கி ஒட்டி, பெயின்ட் அடித்து, டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாப்வித் கேமல் என்கிற பிரிட்டிஷ் போர் விமானத்தின் கிட்கள் இரண்டை 1/144 அளவில் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டுமே நகல் வார்ப்பு, அதாவது இன்னொருவர் செய்த கிட்டிலிருந்து அச்செடுத்து வார்த்தது. விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்தச் சரக்கு யார் கையிலும் வரலாம், அதனால் சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று மட்டும் சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, பணம் திரும்ப வராமல் போகும்படி என்னை எப்படி நடத்திச் சென்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேமல் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1917 நடுவில் போர்முனைக்கு வந்த விமானம், ஏறக்குறைய 5,500 செய்திருக்கிறார்கள். அதன் மேல் இறக்கை ஒரே தட்டையாக இருக்கும். கீழ் இறக்கை மட்டும் நுனியை நோக்கி 5 டிகிரி மேலே ஏறும். முதலில் இரண்டு இறக்கைகளுக்கும் சமமான ஏற்றம் கொடுக்கத்தான் திட்டம். தயாரிப்பு எளிதாக இருக்கட்டும் என்று மேலே தட்டையாக்கி, கீழே இரட்டிப்பாக்கிவிட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கைகளும் நுனியில் ஒன்றையொன்று நெருங்கி வரும். அந்த முகம் சரியாக வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பிறகுதான் எனக்கு.

விளம்பரத்தில் மூன்று விஷயங்கள் போட்டிருந்தார்கள். ஈயம் கலக்காத பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவை. புதிய அச்சு. வெள்ளை மை சேர்த்து அச்சிட்ட டெக்கால். படங்கள் அருமையாக இருந்தன, புரொப்பெல்லரில் மர வரிகூடத் தெரிந்தது. அந்தப் படத்தைப் படத்தேடலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு போட்டுப் பார்த்தேன். வேறு ஒருவர் வேறு அளவில், வேறு கிட்டில் செய்த மாடல் அது.

பெட்டி வந்தது. பையை உள்ளங்கையில் வைத்ததும் நல்ல கனம். கனமாக இருந்தால் நல்ல உலோகம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது நேர்மாறான அறிகுறி. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்துக்கு 7.3 தான். ஈயம் இல்லாத பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம் என்பதால் கையில் லேசாகவே இருக்க வேண்டும். பிறகு ஒரு துண்டு எடுத்து வெள்ளைத்தாளில் இழுத்தேன், பென்சிலால் கோடு போட்டது போலச் சாம்பல் நிறத்தில் விழுந்தது. ஈயம் நிறைய இருந்தால் இப்படி எழுதும். வெள்ளீயம் நிறைந்த துண்டை வளைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும், இதில் சத்தமே இல்லை, மெழுகு மாதிரி வளைந்தது. அதற்குள் நான் ஒரு மாலை முழுக்க மாஸ்க் இல்லாமல் அரம் போட்டிருந்தேன். ஈயம் இல்லை என்று நம்பி உட்கார்ந்த மேஜை அது, பக்கத்தில் குடிக்கிற டம்ளரும் இருந்தது. இந்தப் பொய் ஒன்றுக்காகவே அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உங்களுக்குச் சந்தேகமான கிட் வந்தால் ஈரம் தொட்டே தேயுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சரி, பொருத்தத்துக்கு வருகிறேன். பசை இல்லாமல் வைத்துப் பார்த்தபோதே இறக்கைகளுக்கு நடுவே தூண் போல நிற்கும் ஸ்ட்ரட்கள் சேரவில்லை. மேல் துளையில் நின்றால் கீழ்த் துளைக்கு வெளியே போகிறது. கேமலின் இரண்டு இறக்கைகளும் ஒரே நீளம், 28 அடி, அதாவது 8.53 மீட்டர். 144 ஆல் வகுத்தால் 59 மில்லிமீட்டர் வர வேண்டும். வெர்னியர் வைத்து அளந்தேன். மேல் இறக்கை 59. கீழ் இறக்கை 57. நுனிப் பக்கத் துளைகள் முக்கால் மில்லிமீட்டர் உள்ளே வந்து நிற்கின்றன. ஸ்ட்ரட்டின் தடிமனே அவ்வளவுதான்.

நகல் வார்ப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இந்த மாடல்களை ரப்பர் அச்சில், அச்சைச் சுழற்றியபடி உலோகத்தை ஊற்றி வார்ப்பார்கள். ஆறும்போது உலோகம் கொஞ்சம் சுருங்கும், அச்சு செய்யும்போது ரப்பரும் சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் அசல் தயாரிப்பாளர் மூல மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செதுக்குவார். இன்னொருவர் கடையில் ஒரு கிட் வாங்கி, அந்தத் துண்டையே ரப்பரில் வைத்து அச்செடுத்தால் சுருங்கியது மறுபடி சுருங்கும். என் கையில் வந்ததில் மேல் இறக்கை ஒரு தலைமுறை, கீழ் இறக்கை அதற்கடுத்த தலைமுறை என்றுதான் நினைக்கிறேன். கீழ் இறக்கையின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், நகத்தளவு பரப்பைச் சுரண்டியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுரண்டலின் ஓரத்தில் பாதி எழுத்து ஒன்று மிச்சம். அசல்காரரின் குறி அங்கே இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. எவ்வளவோ மாதங்கள் உட்கார்ந்து ஒருவர் செதுக்கிய வேலை அது.

ஆனால் இந்தக் குறியைக் கண்டுபிடித்தது பிற்பாடு. பொருத்தம் சரியில்லை என்று தெரிந்த அன்றே விற்றவருக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது, மரியாதையான பதில்தான். "கீழ் இறக்கை ஏற்றமா இருக்கிறதால அளவு கம்மியாத் தெரியும் சார். பசை இல்லாம வெச்சா எல்லா மெட்டல் கிட்டும் இப்படித்தான். ஒட்டிப் பாருங்க, சரியா உட்காரும். அப்படியும் வரலன்னா நான் பார்த்துக்கிறேன்."

ஏற்றத்தால் குறைவது எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டேன். 5 டிகிரிக்கு 59 மில்லிமீட்டரில் கால் மில்லிமீட்டர்கூடக் குறையாது. அவர் சொன்ன காரணம் இரண்டு மில்லிமீட்டரை விளக்காது. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போடாமல், கடைசி வரியை நம்பினேன். பித்தளைக் கம்பியைத் துளையில் இறக்கி, ஸ்ட்ரட்களை வளைத்து, கீழ்த் துளைகளை வெளிப்பக்கம் அகட்டி, இரண்டு மாலை செலவழித்து ஒட்டி முடித்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ஸ்ட்ரட்கள் கால் அகட்டி நிற்பது போல இருந்தது. டெக்கால் போட்டால் கண் அங்கே போய்விடும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

டெக்காலில்தான் விஷயம் முழுசாக உடைந்தது.

மேற்பக்கத்துக்கு பிசி10 என்கிற பழுப்பு கலந்த ஆலிவ் நிறம் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷ் கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மாலை வெளிச்சம் போவதற்குள் வேலையை ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் விமானங்களில் இருக்கும் வட்டச் சின்னம் ஒன்றை வெட்டி, ட்வீசரில் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். வழக்கமாக அரை நிமிடத்தில் படலம் தாளிலிருந்து நகரும். பத்து நொடியில் வட்டத்தின் ஓரத்திலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கியது. பதறி எடுத்துத் துணியில் வைத்தேன், துணியில் ஊதா வட்டம். மிச்சமிருந்ததை இறக்கையில் நகர்த்தி வைத்தேன். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஆலிவ் பழுப்பு தெரிந்தது. வெள்ளைத் தாளில் இருந்தவரை வெள்ளையாகத் தெரிந்தது தாளின் நிறம்தான். சின்னத்தைச் சுற்றி வர வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடும் இல்லை. சாதாரண வீட்டு இன்க்ஜெட்டில் அடித்து, மேலே பாதுகாப்புப் பூச்சுகூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மெஷினால் வெள்ளை அச்சிட முடியாது. படலமும் தடிமன். கேமலின் இறக்கை முன்னோரத்திலிருந்து பின்னோரம் வரை இந்த அளவில் ஒன்பதரை மில்லிமீட்டர்தான், அதன் மேல் அந்தப் படலம் செல்லோடேப் போலத் தூக்கி நின்றது. அடியில் இறக்கையின் விலா வரிகள் மறைந்துபோயின.

இதையும் படமெடுத்து அனுப்பினேன். இந்த முறை பதில் வர ஐந்து நாள் ஆனது. வார்னிஷ் சரியாகக் காயவில்லை, அதனால் வெள்ளி பூத்திருக்கிறது, டெக்காலில் குறையில்லை என்றார். வெள்ளி பூப்பது என்றால் படலத்துக்கு அடியில் காற்று மாட்டிப் பளபளப்பது. மேட் பெயின்டின் சொரசொரப்பு மேல் டெக்கால் போட்டால் வரும். மை கரைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதுவும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கரைந்ததற்கு என் வார்னிஷ் எப்படிப் பொறுப்பாகும்? இப்படிக் கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில்: ஒட்டிய பொருளை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை.

ஒட்டச் சொன்னவரே அவர்தான்! எந்த வரியை நம்பிப் பசையை எடுத்தேனோ, அந்தப் பசைதான் மறுப்பதற்குக் காரணமாகிவிட்டது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவர் பதில்களை வரிசையாக வைத்துப் படித்தால், குறை சொல்லும்போதெல்லாம் இன்னும் ஒரு படி வேலையை என்னைச் செய்ய வைத்திருக்கிறார், கூடவே புகார் கொடுக்கும் கெடுவும் கரைந்துகொண்டிருந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பணம் செலுத்திய சேவையில் இரண்டு கிட்டுக்கும் புகார் போட்டேன். இரண்டாவது பெட்டியில் நான் கைவைக்கவே இல்லை. அதன் மேல் இறக்கை, கீழ் இறக்கை இரண்டையும் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்தேன். டெக்கால் தாளின் மூலையில் எழுத்து ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டு, மை இறங்குவதை வீடியோவாக எடுத்தேன். அந்தக் கிட்டுக்குப் பணம் முழுசாகத் திரும்ப வந்தது. ஒட்டிய முதல் கிட்டுக்கு, அதே குறை, அதே ஆதாரம் இருந்தும், "பயன்படுத்தப்பட்டது" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

ஆகவே பெட்டி வந்த அன்றே, பையைப் பிரிக்கும் முன்பே படமெடுங்கள். பசையும் அரமும் அப்படியே இருக்கட்டும். நிஜ விமானத்தின் அளவைத் தேடி எடுத்து, மாடல் அளவால் வகுத்து, இரண்டு இறக்கைகளையும் அளந்து பாருங்கள். டெக்கால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசலாக வெள்ளை அச்சிட்டிருந்தால் வெள்ளை தனியாக, கொஞ்சம் தூக்கலாக, தாளின் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும். தேவைப்படாத எழுத்து ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் கவனியுங்கள். "ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க" என்று பதில் வந்தால் அந்த நிமிடமே புகாரைப் போட்டுவிடுங்கள்.

கையில் இப்படி ஒரு தாள் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: தெளிவான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய தூவலாக மூன்று முறை, நடுவில் நன்றாகக் காயவிட்டு அடித்தால் மை நிற்கிறது. வெள்ளைக்கு வழி, சின்னம் வரும் இடத்தில் முதலில் வெள்ளை வட்டம் பெயின்ட் செய்வதுதான். வட்டம் சின்னத்தைவிட மயிரிழை பெரிதாக இருந்தால் வெளிக்கோடும் கிடைத்துவிடும். முதல் கேமலின் மேல் இறக்கையில் ஒரு பக்கம் இப்படிப் போட்டுப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்க்கப் பரவாயில்லை. மறுபக்கத்துக்கு வேறு தயாரிப்பாளரிடம் நல்ல தாள் ஒன்று சொல்லியிருக்கிறேன். சுரண்டிய குறி தெரியும் கீழ் இறக்கையைக் கழற்றித் தனியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்தப் பாதி எழுத்தைப் பார்த்து, அசல் யாருடையது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கு நான் எழுத வேண்டும்.